அரசைப் பறித்த அடைமொழி

அரியணையைப் பறிக்க ஆயுதம் வேண்டும், ஆட்பலம் வேண்டும் என்றுதான் ஏடுகள் நமக்குச் சொல்லித் தந்துள்ளன. இங்கிலாந்திலே 1688-ம் ஆண்டில் ஆயுதமும் வந்தது, ஆட்பலமும் வந்தது. ஆனால் அவற்றுக்கு முன்னே, கட்டியம் கூறுவதுபோல, ஓர் அடைமொழி வந்தது. தொட்டிலில் கிடந்த ஒரு குழந்தையின் தலைமீது அது விழுந்தது.

அந்தக் கதைக்குப் போகுமுன் அகராதியைச் சற்றே புரட்டுவோம். உறுதிப்படாத ஒன்றைக் குறிக்க ஆங்கிலத்தில் அடைமொழிகள் பல. அத்தனைக்கும் 'கருதப்படுகிற' என்று ஒரே பொருளைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, கை துடைத்துக்கொண்டு வந்துவிடுகிறோம், ஆசிரியர்களாகிய நாம். 'தியரெட்டிக்கல்' என்பது பார்த்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. நாடகக் கொட்டகையைக் குறிக்கும் 'தியேட்டர்' அதற்கு உறவு. 'ஹைப்பொதெட்டிக்கல்' என்பதும் கிரேக்கமே. 'கீழே வைத்தல்' என்பது அதன் வேர்ப்பொருள். வாதம் எனும் வீட்டைக் கட்டுமுன் அடியிலே இடும் கல்! அதே பொருளில் 'கீழே வை' என்னும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்ததுதான் 'சப்போஸ்ட்'.

கல்லைக் கீழே வைப்பவன் ஊரறிய வைக்கிறான். தட்டிப் பாருங்கள், ஆட்டிப் பாருங்கள் என்று அழைக்கிறான். ஆனால் ஊரறியாமலும் ஒன்றைக் கீழே வைக்கலாம் அல்லவா? பிறர் பெற்ற பிள்ளையைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்து தாயின் பக்கத்திலே கிடத்தலாம் அல்லவா? ரோமர்கள் அதற்கும் அந்த வினையையே ஆண்டனர். அந்தக் கிளையிலே வந்தது 'சப்பொசிட்டிஷஸ்'. மாற்றி வைக்கப்பட்ட, கள்ளப் பிள்ளையான என்பது பொருள். ஒரு வயிற்றுப் பிள்ளைகள் இருவர். ஒருவன் ஆராய்ச்சிக்காரன், மற்றவன் திருடன்!

இனி 1688. மன்னன் இரண்டாம் ஜேம்ஸ் கத்தோலிக்கன், நாடோ புராட்டஸ்டண்டு. சட்டத்தை ஒதுக்கித் தன் மதத்தாரைப் பதவிகளில் அமர்த்தினான். எதிர்த்து மனுக் கொடுத்த ஏழு பேராயர்களைச் சிறையிலடைத்தான். மக்கள் பொறுத்திருந்தனர். அவனுக்குப் பின் மூத்த மகள் மேரி வருவாள், அவள் புராட்டஸ்டண்டு, அவள் கணவர் ஆலந்தின் வில்லியம் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கைக் கலைத்தது ஜூன் 10-ம் நாள். அரசிக்கு ஆண்மகவு பிறந்தது!

உடனே கிளம்பிற்று வதந்தி. அரசி பெறவில்லை, குளிர்நாட்டில் படுக்கையைச் சூடேற்றும் மூடியிட்ட கணப்புச் சட்டிக்குள் வைத்து எவள் பிள்ளையையோ கொண்டுவந்து கிடத்திவிட்டார்கள்! கனல் இருக்கும் சட்டியில் பச்சிளங் குழந்தையாம். அறை நிறையப் பெருமக்கள் நின்றனராம். அழுகுரல் ஒன்றும் கேட்கவில்லையாம். நம்பினார்கள். நம்ப விரும்பியதால் நம்பினார்கள். வில்லியத்தை வருமாறு அழைத்த எழுவரின் மடலிலும் அந்தக் குழந்தை பற்றிய ஐயம் இடம் பெற்றது. வில்லியம் வெளியிட்ட அறிக்கையோ 'ப்ரிடெண்டட்' இளவரசன் என்றே குறித்தது. முன்னே இழுத்துக் காட்டப்பட்ட என்பது அச்சொல்லின் வேர்ப்பொருள்.

அக்டோபர் 22-ம் நாள் மன்னன் அவை கூட்டினான். உயர்குடிப் பெண்டிர், மருத்துவர், மருத்துவச்சி, அமைச்சர் என நாற்பது பேருக்கு மேல் வாக்குமூலம் தந்தனர், அச்சிட்டும் வழங்கினர். பயன்? நவம்பர் 5-ம் நாள் வில்லியத்தின் படை கரையிறங்கிற்று. மன்னன் பிரான்சுக்கு ஓடினான். மறு ஆண்டு உரிமைச் சட்டம் பிறந்தது. மன்னனுக்கு மேல் மன்றம் என்ற நிலை வலுப்பெற்றது. நாம் மாணவர்க்கு மகிழ்ந்து கற்பிக்கும் புரட்சிதான் அது. எனினும் அந்தக் கணப்புச் சட்டி பொய். நமக்கு உவப்பான பக்கத்தில் நின்ற பொய் என்பதற்காக அதை ஐயம் என்று மெருகிட நமக்கு நா எழவில்லை. அந்தப் பிள்ளை 'ப்ரிடெண்டர்' என்ற பட்டத்துடன் அயல்நாட்டிலேயே வளர்ந்து, 1766-ல் ரோம் நகரில் மாண்டான்.

அரண்மனைத் தொட்டிலுக்கு ஓர் அடைமொழி என்றால் குடிசைத் தொட்டிலுக்கும் ஒன்று உண்டு: 'பியூட்டட்டிவ்'. கிளை நறுக்குதலையும் கணக்குப் பார்த்தலையும் எண்ணுதலையும் குறித்த இலத்தீன் வினை அதன் தாய். மணமின்றிப் பிறந்த குழந்தைக்குத் தந்தை எனக் கருதப்படுபவன் 'பியூட்டட்டிவ்' தந்தை. அக்குழந்தையையோ எவர் பிள்ளையும் அல்ல என்றது சட்டம்! 1834-ம் ஆண்டு ஏழையர் சட்டம் வளர்க்கும் சுமையைத் தாயின் தலையில் ஏற்றிற்று. இவன்தான் தந்தை என்று அவள் சொன்னால் மட்டும் போதாது, வேறு சான்று வேண்டும் என்றது. அரசிக்கு நாற்பது சாட்சிகள் இருந்தும் பலிக்கவில்லை; பணிப்பெண்ணுக்குச் சாட்சிக்கு எங்கே போவது? கருதப்படுபவன் கையை வீசிக்கொண்டு நடந்தான்.

1984-ல் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் அலெக் ஜெஃப்ரீஸ் என்னும் அறிஞர் மரபணுக் கைரேகை முறையைக் கண்டார். மறு ஆண்டே அது ஒரு தொட்டில் வழக்கைத் தீர்க்கப் பயன்பட்டது. கானா நாட்டிலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிய ஒரு சிறுவனை, இவன் அந்தத் தாயின் மகனல்ல, மாற்றிக் கொண்டுவரப்பட்டவன் என்று குடியேற்ற அதிகாரிகள் ஐயுற்றனர். முந்நூறு ஆண்டுக்கு முந்திய அதே அடைமொழி! தாயின் குருதியையும் பிள்ளைகளின் குருதியையும் ஒப்பிட்டுப் பார்த்தார் ஜெஃப்ரீஸ். மகன்தான் என்றது குருதி. சிறுவன் தாயிடம் சேர்ந்தான்.