மஞ்சள் வெளுப்பு எதை அளக்கிறது? கொண்டகோகு வெள்ளித் துகள்களும் பாதரசமும்

தாவரப் பொருள்களைக் கொண்டு ஆக்கிய வெள்ளி நானோ துகள்கள், குடிநீரில் கலந்த பாதரசத்தை வெறுங்கண்ணுக்கே காட்டிவிடும் என்ற கருத்து இத்துறையில் ஏறக்குறைய ஐயமின்றி ஏற்கப்பட்டுவிட்டது. இதற்கு ஆதாரமாகக் காட்டத்தக்கவற்றுள் வலுவானது ஹைதராபாத்தில் நிகழ்ந்த ஆய்வு. லோரி ரஸ்தோகி, ஆர்.பி. சசிதர் முதலியோர் அதை 2014இல் 'டலாண்டா' இதழில் வெளியிட்டனர். அக்கட்டுரையின் எண்கள் குடிநீருக்கு உரியன அல்ல, கழிவுநீருக்கு உரியன என்பதே என் வாசிப்பு.

கொண்டகோகு மரப்பிசின் ஒன்றே வெள்ளி அயனியை ஒடுக்கி, பிறந்த துகள்களை ஒட்டிக்கொள்ளாமல் தாங்கியும் நிற்கிறது. துகளின் சராசரி அளவு 5.0±2.8 நானோமீட்டர். கரைசல் பளிச்சென்ற மஞ்சள். பாதரச அயனி கூடக் கூட அந்த மஞ்சள் வெளுக்கிறது. சோடியம், கால்சியம், தாமிரம், காட்மியம், ஆர்சனிக் ஆகியவற்றுக்கு அசைவதில்லை. அளவிடத்தக்க கீழெல்லை லிட்டருக்கு 50 நானோமோல்.

இந்த எண்ணை எடைக்கு மாற்றினால் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். குடிநீருக்கான இந்தியத் தரம் (ஐ.எஸ். 10500, 2012) அனுமதிப்பதோ 1 மைக்ரோகிராம். ஆக, விதித்த வரம்பைப் போல் ஐந்து மடங்கு பாதரசம் உள்ள நீரும் இச்சோதனையில் பழுதற்றதாகவே தோன்றக்கூடும்.

'கண்ணுக்குத் தெரியும்' என்பதையும் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். வெளுப்பை ஆக்சிஜனேற்றமாகக் கொள்வோம்: பாதரசத்தின் திட்ட மின்னழுத்தம் 0.85 வோல்ட், வெள்ளியினுடையது 0.80. ஒரு பாதரச அயனி இரண்டு வெள்ளி அணுக்களைக் கரைக்கும். மஞ்சள் நன்றாகத் தெரிய லிட்டருக்கு ஏறத்தாழ 50 மைக்ரோமோல், அதாவது 5 மில்லிகிராம் அளவில் வெள்ளி வேண்டும். 50 நானோமோல் பாதரசம் அதில் கரைப்பது ஆயிரத்தில் இரண்டு பங்கு. அந்த மாற்றத்தை எந்தக் கண்ணும் காணாது. துகளின் மேற்பரப்பில் இரசக்கலவை படிந்து ஒளி உட்கவர்தலைக் கூடுதலாக மட்டுப்படுத்துகிறது எனலாம், இருக்கலாம். ஆயினும் இவ்வளவு சிறு பாதரசம் மேற்பரப்பில் மிகச் சிறிய பகுதியையே மூடும். எனவே 50 நானோமோல் என்பது நிறமாலைமானியின் எல்லை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. மூலக் கட்டுரையும் களப் பயன்பாட்டைப் பற்றிப் பேசுகையில் பண்பறி சோதனை என்ற அளவில்தான் நிற்கிறது. எல்லை தாண்டியவர்கள் பின்வந்த வாசகர்கள்.

உள்நாட்டு நீர்நிலைகளில் விடப்படும் தொழிற்சாலைக் கழிவுநீருக்கு இந்தியச் சுற்றுச்சூழல் விதிகள் வகுத்த பாதரச வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதே 10 மைக்ரோகிராம்! இந்தப் பொருத்தம் தற்செயலாகவே இருக்கலாம். ஆனால் இம்முறைக்குரிய இடம் வீட்டுக் குழாயடி அன்று, படான்செரு போன்ற மருந்துத் தொழிற்பேட்டைகளின் வடிகால் வாய் என்பதை அது தெளிவாகச் சுட்டுகிறது.

சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மருந்து ஆலைக் கழிவுநீரில் உப்பு மிகுதி. குளோரைடோ இருபுறமும் விளையாடும். பாதரச அயனியோடு பிணைந்து அதன் ஆக்சிஜனேற்றும் வலுவைக் குறைக்கும். வெள்ளியையோ வெள்ளிக் குளோரைடாக்கி, கரைந்த ஆக்சிஜனின் துணையோடு பாதரசமே இல்லாமலும் மஞ்சளை வெளுக்கச் செய்யும். முன்னது இருப்பதை மறைக்கிறது, பின்னது இல்லாததைக் காட்டுகிறது. தேர்வுத்திறனை நிறுவுவோர் பெரும்பாலும் நேரயனிகளையே அடுக்குகிறார்கள். எதிரயனிகளை, அதிலும் சல்பைடையும் குளோரைடையும், அடுக்காத தேர்வுத்திறனை நான் பாதித் தேர்வுத்திறனாகவே கருதுகிறேன்.

மாதிரியை முன்கூட்டியே செறிவாக்கினால் போதுமே என்பர். செறிவாக்கினால் குளோரைடும் கூடவே செறியும்; அதைப் பிரிக்கும் வசதி இருப்பவருக்கு மஞ்சள் கரைசல் தேவையில்லை. பசுமைத் தயாரிப்பு என்ற பெருமை துகளின் பிறப்பைப் பற்றியது, அளவீட்டைப் பற்றியதன்று. அந்தப் பசுமையிலும் ஒரு சிறு உறுத்தல்: இதே பிசினைக் கொண்டு வெள்ளித் துகள் ஆக்கிய 2010ஆம் ஆண்டுப் பணி ஆட்டோகிளேவைப் பயன்படுத்தியது. கரிமப் பாதரசத்தையும் சேர்த்து அளக்க முதலில் புற ஊதாக் கதிர் பாய்ச்ச வேண்டும் என்பதும் மூலக் கட்டுரையிலேயே உண்டு.

இம்முறையைக் கழிவுநீருக்குப் பரிந்துரைப்பவர் முதலில் தர வேண்டியது ஒரு வெற்றுச் சோதனை: பாதரசம் இல்லையென்று வேறு முறையால் உறுதிசெய்த அதே வடிகால் நீரில், அதே நேரத்தில், மஞ்சள் எவ்வளவு வெளுக்கிறது என்ற அளவு. அதன் பிறகுதான் கீழெல்லையைப் பற்றிப் பேச இடமுண்டு.