ஆற்றுப் படிவுகளின் வயது: நர்மதை, கொசத்தலை, வைப்பாறு

சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த காலத்தில், 1883-இல், இராபர்ட் புரூஸ் ஃபூட் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை நூலாக வெளியிட்டார். இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் பாறைகளையும் ஆற்றுப் படிவுகளையும் கரிசலையும் அறிய விரும்புவோர் தொடங்க வேண்டிய இடம் அதுவே. ஆயினும் ஃபூட்டிடம் ஆண்டுக் கணக்கு கிடையாது. எந்த அடுக்கு கீழே, எது மேலே என்ற வரிசைதான் அன்றைய நிலவியலாளரிடம் இருந்த ஒரே காலக்கணக்கு.

அந்த வரிசைக்குத் துணையாக நின்றவை பாலூட்டிகளின் எலும்புகள். நர்மதைப் பள்ளத்தாக்கின் சரளையில் யானை, நீர்யானை, காட்டுமாடு ஆகியவற்றின் புதைபடிவங்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே கிடைத்தன. அழிந்துபோன அவ்விலங்குகளின் எலும்புகள் கிடைத்த படிவிலேயே மனிதன் செய்த கற்கருவியும் கண்டெடுக்கப்பட்டதை 1873-இல் நிலவியலாளர் மெட்லிகாட் அறிவித்தார். மனிதனும் அவ்விலங்குகளும் ஒரே காலத்தவர் என்று சொல்ல இது இடம் கொடுத்தது. அந்தக் காலம் எது என்ற கேள்விக்கு விடை கிடைக்கவில்லை.

1935-இல் இந்தியா வந்த டி டெர்ரா, பேட்டர்சன் குழு வேறு வழியில் சென்றது. இமயமலையின் பனியூழிகளோடு ஆற்றங்கரைப் படிமேடைகளை இணைத்து, மேடையின் உயரத்திலிருந்து காலத்தை ஊகித்தது. சென்னைக்கருகே கொசத்தலையாற்று மேடைகளும் அந்தச் சட்டகத்துக்குள் கொண்டுவரப்பட்டன. தூத்துக்குடிப் பகுதித் தேரி மணலில் கிடைத்த நுண்கற்கருவிகளுக்கு 1956-இல் சாய்னரும் பிரிட்ஜெட் ஆல்ச்சினும் பழைய கடல்மட்டத்தை வைத்துக் காலம் கணித்தனர். அவரவர் காலத்தில் இவை நேர்மையான முயற்சிகள். ஆனால் பனியே காணாத தென்னாட்டு ஆற்றை இமயப் பனியோடு பொருத்தியது அடிப்படையிலேயே பிழை என்பது என் முடிபு. நம் ஆறுகளின் போக்கை முடிவு செய்தவை பருவமழையும் நில அசைவும் கடல்மட்டமும்.

எலும்பை மட்டும் நம்புவதிலும் இடர் உண்டு. ஆறு தன் பழைய கரையை அரித்து, அதிலிருந்த எலும்பைப் புதிய மணலில் கொண்டுபோய்ப் போடும். அப்போது எலும்புக்கு ஒரு வயது, அதைச் சுற்றிய மணலுக்கு வேறொரு வயது. 1982 டிசம்பரில் அருண் சொனாகியா ஹத்னோராவில் கண்டெடுத்த ஆதிமனிதனின் நர்மதை மண்டையோட்டின் வயது பற்றிய வழக்கு நீண்டதற்கு இதுவும் ஒரு காரணம். அதே பள்ளத்தாக்கில் தான்சி படிவுகள் புவிக்காந்தத் திசை தலைகீழாக இருந்த காலத்தவை, அதாவது சுமார் 7.8 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று காந்த ஆய்வு காட்டியது. படிவு எந்தக் காலத்துக்கு முந்தியது என்பதைப் படிவே சொல்லத் தொடங்கிய கட்டம் இது.

தமிழகத்தில் இந்த மாற்றத்தைக் கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில் தெளிவாகக் காணலாம். 1863-இல் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கண்டறிந்த இவ்விடத்தை, 1999 முதல் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் சர்மா பாரம்பரியக் கல்வி மையத்தின் வழியே அகழ்ந்தனர். குதிரை, நீரெருமை, நீலான் என முதற்கட்டமாக அடையாளம் காணப்பட்ட மூன்று புதைபடிவப் பற்களும் விலங்குகளின் குளம்புத் தடங்களும் கிடைத்தன. திறந்த புல்வெளியும் நீர்நிலையும் சேர்ந்த நிலம் அது என்பதற்கு இவை சான்று. வயது சொல்ல மூன்று பற்கள் போதா. எனவே கற்கருவிகளின் குவார்ட்சையே கேட்டார்கள்.

விண்கதிர்கள் படும்போது குவார்ட்சில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் கதிரியக்க அணுக்கள் உருவாகின்றன. கல் ஆழப் புதைந்ததும் உற்பத்தி நின்றுவிடும், சிதைவு மட்டும் தொடரும். அலுமினியம்-26 பாதியாக ஏறத்தாழ 7 லட்சம் ஆண்டுகள் ஆகும். பெரிலியம்-10 பாதியாக ஏறத்தாழ 14 லட்சம் ஆண்டுகள் ஆகும். இரண்டின் விகிதம் குறைந்திருக்கும் அளவே, கல் புதைந்து கழிந்த காலத்தின் அளவு. இம்முறையில் அத்திரம்பாக்கக் கற்கருவிகளுக்குக் கிடைத்த சராசரி வயது 15.1 லட்சம் ஆண்டுகள். 'சயன்ஸ்' இதழில் 2011-இல் இது வெளியானது. புவிக்காந்த ஆய்வும் இதற்குத் துணை நின்றது.

மேலடுக்குகளுக்கு வேறு கடிகாரம் தேவைப்பட்டது. சிவகாசியில் புழங்கும் வெடியுப்பில் உள்ள பொட்டாசியம் ஆற்று மணலிலும் உண்டு. அதில் சுமார் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. அதுவும் யுரேனியமும் தோரியமும் வீசும் கதிர்கள் மணற்பரலில் ஆற்றலைச் சேர்க்கின்றன. வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு அழிந்துவிடும், புதைந்தால் மறுபடி சேரும். ஆய்வகத்தில் ஒளியால் தூண்டும்போது பரல் ஒளிர்கிறது. ஒளிர்வின் அளவிலிருந்து சேர்ந்த கதிர்வீச்சைக் கண்டு, அதை ஆண்டுக் கதிர்வீச்சால் வகுத்தால் மணல் கடைசியாக வெயில் பார்த்த காலம் தெரியும். அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் சிங்வி முதலானோர் இம்முறையில் கணித்தபடி, அத்திரம்பாக்கத்தின் இடைப் பழங்கற்காலம் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. 2018-இல் 'நேச்சர்' இதழில் வந்த இம்முடிவு, அப்பண்பாடு ஆப்பிரிக்காவிலிருந்து பிற்காலத்தில்தான் இங்கு வந்தது என்ற கருத்தை ஆட்டங்காணச் செய்தது.

வைப்பாற்றுக் கரையில், சிவகாசிக்கு அருகே வெம்பக்கோட்டையில் 2022 முதல் தமிழகத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் நுண்கற்கருவிகள் கிடைத்துள்ளன. கருவி செய்தோர் வாழ்ந்த நிலத்தின் கதை அதற்கும் கீழே, வைப்பாறும் அர்ச்சுனா நதியும் படியவைத்த மணலிலும் சரளையிலும் இருக்கிறது. ஆற்று மணலை அள்ளும்போது கட்டுமானப் பொருளோடு இந்தக் கடிகாரமும் போய்விடுகிறது. வெயிலில் கொட்டிய மணலுக்குப் பழைய வயது இல்லை.

ஆகவே விருதுநகர் மாவட்டத்து மக்களிடம் ஒரு வேண்டுகோள். கிணறு வெட்டும்போதோ, கண்மாய் தூர்வாரும்போதோ, ஆற்றங்கரை சரியும்போதோ கல்லாய்ப் போன எலும்போ பல்லோ தென்பட்டால் அதைப் பெயர்த்தெடுக்காதீர்கள். சுற்றியுள்ள மண்ணோடு அப்படியே விட்டு, கிடந்த ஆழத்தைக் குறித்துக்கொண்டு, தொல்லியல் துறைக்கோ மாவட்ட அரசு அருங்காட்சியகத்துக்கோ தெரிவியுங்கள்.