காங்கிரசின் பின்னறை: அமெரிக்கச் சட்டவாக்க உதவியாளரின் பயிற்சியும் தொடர்புகளும் – ஒரு வரலாற்று நோக்கு

சட்டமன்றங்களின் வரலாறு பெரும்பாலும் அவற்றில் ஆசனம் வகித்தோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆயின், உறுப்பினர் ஆற்றும் உரையைத் தயாரிப்பவர், தொகுதி மக்களின் கடிதங்களுக்கு மறுமொழி வரைபவர், சட்டமூலமொன்றின் வாசகத்தைச் சொல் சொல்லாகத் திருத்துபவர் ஆகியோர் அவ்வுறுப்பினருக்குப் பின்னால் நிற்கும் உதவியாளர்களேயாவர். இவர்களை மக்கள் தெரிவுசெய்வதில்லை. இவர்களின் பெயர்கள் வாக்குச்சீட்டில் இடம்பெறுவதுமில்லை. எனினும் மக்களை ஆளும் சட்டங்களின் உருவாக்கத்தில் இவர்களுக்குப் பெரும் பங்குண்டு. அவ்வாறாயின், இவர்கள் தம் தொழிலை எங்கே கற்றனர்? யாருடைய அறிமுகத்தால் உள்ளே வந்தனர்? எவர் வாயிலிலேயே தடுக்கப்பட்டனர்? இவ்வினாக்களுக்கு ஐக்கிய அமெரிக்கக் காங்கிரசின் வரலாற்றை ஆதாரமாகக் கொண்டு விடைகாண முற்படுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொடக்க நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் காங்கிரசு உறுப்பினருக்கென அரச செலவில் உதவியாளர் எவரும் இருந்ததில்லை. குழுத் தலைவர்கள் சிலருக்கு மட்டுமே எழுதுவினைஞர் வழங்கப்பட்டனர். ஏனையோர் தம் கடிதங்களைத் தாமே எழுதினர். அன்றேல் தம் சொந்தப் பணத்தில் ஒருவரை அமர்த்தினர். செனற் சபை 1884ஆம் ஆண்டிலும், பிரதிநிதிகள் சபை 1893ஆம் ஆண்டிலும் சாதாரண உறுப்பினருக்கும் எழுதுவினைஞர் ஒருவரை அமர்த்தும் வசதியை அளித்தன. 1908, 1909ஆம் ஆண்டுகளில் இரு சபைகளுக்கும் தனித்தனி அலுவலகக் கட்டடங்கள் திறக்கப்பட்ட பின்னரே உறுப்பினருக்கு அறையும் மேசையும் கிடைத்தன. உதவியாளர் என்னும் தொழில் உருப்பெறத் தொடங்கியது இக்காலத்திலேயே எனலாம்.

இத்தொழிலுக்கு அன்று தகைமையோ பயிற்சியோ வரையறுக்கப்பட்டிருக்கவில்லை. உறவும் நம்பிக்கையுமே தகைமைகளாகக் கொள்ளப்பட்டன. மகன், மருமகன், மனைவி ஆகியோரைச் சம்பளப் பட்டியலிற் சேர்த்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. பின்னாளில் ஜனாதிபதியான ஹாரி ட்ரூமனும் செனற் உறுப்பினராயிருந்தபோது 1941ஆம் ஆண்டில் தம் மனைவியைத் தம் அலுவலகத்தில் நியமித்தார். 1967ஆம் ஆண்டின் சட்டமே உறவினர் நியமனத்துக்குத் தடை விதித்தது. பயிற்சிக்கு இடமில்லாதவிடத்து உறவுமுறை அவ்விடத்தை நிரப்பிக்கொள்ளும் என்பதற்கு இது தக்க சான்றாகும்.

சிறு காங்கிரசு

உதவியாளருக்கான முதற் பயிற்சிக்களத்தை அரசாங்கம் அமைத்துக்கொடுக்கவில்லை. உதவியாளர் தாமே அமைத்துக்கொண்டனர் என்பது மனங்கொள்ளத்தக்கது. 1919ஆம் ஆண்டில் காங்கிரசுச் செயலாளர்கள் ஒன்றுகூடிச் ‘சிறு காங்கிரசு’ என்னும் மன்றமொன்றை நிறுவினர். பிரதிநிதிகள் சபையின் நடைமுறை விதிகளையே பின்பற்றி, சபாநாயகர் ஒருவரைத் தெரிந்து, விவாதம் நடத்தி, சபை நடைமுறையிலும் மேடைப் பேச்சிலும் பழகிக்கொள்வதே அதன் குறிக்கோளாக இருந்தது. காலப்போக்கில் அது பதவிமூப்பின்படி தலைமை கைமாறும் ஒரு பொழுதுபோக்குச் சங்கமாகச் சுருங்கியது.

இந்நிலையை மாற்றியவர் லிண்டன் ஜோன்சன் ஆவார். ஹியூஸ்ரன் நகரில் உயர்நிலைப் பாடசாலை ஆசிரியராயிருந்த ஜோன்சன், ரெக்சாஸ் மாநிலத்துப் பிரதிநிதி றிச்சேட் கிளேபேர்க்கின் செயலாளராக 1931ஆம் ஆண்டு டிசெம்பரில் வாஷிங்ரன் வந்தபோது அவருக்கு வயது 23. கிளேபேர்க் பெரும் பண்ணைச் செல்வர். அலுவலக வேலையில் நாட்டங் குறைந்தவர். எனவே கடிதங்களுக்கு மறுமொழி அளிப்பது முதல் திணைக்களங்களை நாடித் தொகுதி மக்களின் குறைகளைத் தீர்ப்பது வரை யாவும் இச்செயலாளரின் பொறுப்பாயின. பொருளாதாரப் பெருமந்தம் உச்சமடைந்திருந்த அக்காலத்தில், வந்து குவியும் கடிதங்கள் ஒவ்வொன்றும் வேலையிழந்த ஒருவரின் முறையீடாகவோ நிலமிழக்கும் நிலையிலிருந்த விவசாயியின் வேண்டுகோளாகவோ இருந்தன. எந்தத் திணைக்களத்தில் எந்த உத்தியோகத்தரை அணுகினால் காரியம் நடக்கும் என்பதை அறிந்த செயலாளரால் மட்டுமே அம்மக்களுக்கு உதவ முடிந்தது. எனவே தொடர்பு என்பது உதவியாளரின் சொந்த முன்னேற்றத்துக்கான ஏணி மட்டுமன்று. தொகுதி மக்களின் வாழ்வோடு பிணைந்ததொன்றுமாகும்.

இவ்வறிவை ஜோன்சன் தேடிய முறை குறிப்பிடத்தக்கது. செயலாளர் பலர் தங்கியிருந்த டொட்ஜ் விடுதியின் நிலக்கீழ்த் தளத்தில் அவரும் குடியேறினார். பொதுக் குளியலறைக்கு வேண்டுமென்றே பலமுறை சென்று, அங்கு வருவோரிடம் பேச்சுக்கொடுத்து, யார் யாரிடம் வேலை பார்க்கின்றனர், எவருக்கு எது தெரியும் என்று விசாரித்தறிந்தார் என்று அவரது வாழ்க்கை வரலாற்றாசிரியர்கள் கூறுவர். 1933ஆம் ஆண்டு ஏப்ரலில், அதுவரை சிறு காங்கிரசின் கூட்டங்களுக்கு வாராத பணியாளர்களைத் திரட்டிவந்து, பதவிமூப்பு வழக்கத்தை மீறி அதன் சபாநாயகராகத் தெரிவானார். அதன்பின் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெற்றன; காங்கிரசின் முன்னுள்ள சட்டமூலங்கள் விவாதிக்கப்பட்டன; அறியப்பட்ட அரசியல்வாதிகள் பேச அழைக்கப்பட்டனர். இவ்வழைப்பின் பேரில், ஒரு சாதாரண செயலாளர் பெருந்தலைவர்களின் அறைகளுக்குள் நுழையும் வாய்ப்பைப் பெற்றார். 1937இல் பிரதிநிதியாகவும், 1948இல் செனற் உறுப்பினராகவும் தெரிவாகி, 1963இல் ஜனாதிபதியாகவும் உயர்ந்த ஒருவர் சட்டவாக்கக் கலையின் அரிச்சுவடியைக் கற்றது இச்சிறு மன்றத்திலேயாகும்.

உணவுமேசையும் நிறவேற்றுமையும்

அறிமுகங்களால் வளரும் பயிற்சிக்கு ஒரு பெருங்குறை உண்டு. அறிமுகம் நிகழும் இடத்துக்குள் அனுமதிக்கப்படாதோர் அப்பயிற்சியையும் இழப்பர். சிறு காங்கிரசு உயிர்ப்புற்றிருந்த அதே காலத்தில், 1934ஆம் ஆண்டு சனவரியில், அன்று காங்கிரசிலிருந்த ஒரேயொரு கறுப்பினப் பிரதிநிதியான ஒஸ்கார் டி பிறீஸ்ற் அவர்களின் செயலாளர், சபையின் உணவகத்தில் உணவருந்த மறுக்கப்பட்டார். டி பிறீஸ்ற் இதனைச் சபையில் எழுப்பினார். விசாரிப்பதற்கென விசேட குழுவொன்றும் அமைந்தது. ஆனால் குழு கட்சிவாரியாகப் பிரிந்து நிற்க, தடை நீங்கவில்லை.

இதனை ஒரு வேளை உணவு பற்றிய பிணக்காகக் கருதுவது பொருந்தாது. செயலாளர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொண்டதும், செய்தி பரிமாறியதும் அத்தகைய மேசைகளிலேயே. ஆகவே மேசையிலிருந்து விலக்கப்பட்டவர் தொழிலின் பாதியிலிருந்து விலக்கப்பட்டவராவார். அவரை அனுப்பிய தொகுதி மக்களும் அவ்வளவுக்குப் பலமிழந்தவராவர். 1953ஆம் ஆண்டில் செனற் உறுப்பினர் ஸ்ருவேட் சைமிங்ரன் அலுவலகத்திற் சேர்ந்த கிறிஸ்ரீன் மக்கிறீறி என்னும் கறுப்பினப் பெண் செனற் உணவகத்தில் நாள்தோறும் சென்றமர்ந்து அங்கு நிலவிய பிரிவினையைத் தகர்க்க வேண்டியிருந்தது. செனற் சபையின் கறுப்பினப் பணியாளர்கள் 1977இலும், பிரதிநிதிகள் சபையின் கறுப்பினப் பணியாளர்கள் 1979இலும் தமக்கெனச் சங்கங்களை அமைத்தனர். வேலைவாய்ப்புச் செய்தியைப் பகிர்தல், புதியவர்க்கு வழிகாட்டல் என்பன இச்சங்கங்களின் பணிகளாயின. சிறு காங்கிரசு செய்த காரியத்தையே, அதற்குள் இடம்பெறாதோர் நாற்பதாண்டுகளுக்குப் பின்னர் தமக்காகச் செய்துகொண்டனர் எனலாம்.

நூலகமும் 1946ஆம் ஆண்டுச் சட்டமும்

அறிமுகங்களைச் சாராத அறிவுத் துணை வேறொரு வழியால் வந்தது. விஸ்கொன்சின் மாநிலச் சட்டமன்றத்துக்கென 1901ஆம் ஆண்டில் சாள்ஸ் மக்காதி தலைமையில் ஒரு சட்டவாக்க உசாத்துணை நூலகம் தொடங்கப்பட்டது. சட்டம் இயற்றுவோர்க்குக் கட்சிச் சார்பற்ற தகவல் கிடைக்காவிடின், அவர்கள் பெருங்கம்பனிகளின் சட்டத்தரணிகளிடமே கையேந்த வேண்டிவரும் என்பதே இம்முயற்சியின் அடிப்படையாகும். அம்மாநிலத்தவரான செனற் உறுப்பினர் றொபேட் லா பொலெற்றின் ஆதரவோடு 1914ஆம் ஆண்டில் காங்கிரசு நூலகத்திலும் இத்தகைய பிரிவொன்று உருவாயிற்று.

இரண்டாம் உலக யுத்தம் நிறைவேற்றுத்துறையைப் பெரிதும் வளர்த்துவிட்டது. திணைக்களங்களில் நிபுணர்கள் ஆயிரக்கணக்கில் இருக்க, அவற்றைக் கண்காணிக்க வேண்டிய காங்கிரசுக் குழுக்களில் எழுதுவினைஞர் சிலரே இருந்தனர். இச்சமமின்மையைப் போக்கவே லா பொலெற்றின் மகனும் மைக் மொன்றோனியும் முன்னின்று நிறைவேற்றிய 1946ஆம் ஆண்டின் சட்டவாக்க மறுசீரமைப்புச் சட்டம் எழுந்தது. அது செனற் நிலையியற் குழுக்களை 33இலிருந்து 15ஆகவும், பிரதிநிதிகள் சபையின் குழுக்களை 48இலிருந்து 19ஆகவும் குறைத்தது. ஒவ்வொரு குழுவுக்கும் பொதுவாக நான்கு தொழில்சார் பணியாளரும் ஆறு எழுதுவினைஞரும் அனுமதிக்கப்பட்டனர். தொழில்சார் பணியாளர் அரசியற் சார்பு நோக்காது தகுதியின்படி நியமிக்கப்படல் வேண்டும் என்றும் அது விதித்தது. 1970ஆம் ஆண்டின் மறுசீரமைப்புச் சட்டம் அத்தொழில்சார் பணியாளரை ஆறாக உயர்த்தி, நூலகப் பிரிவைக் காங்கிரசு ஆய்வுச் சேவையாக விரிவாக்கியது. இச்சேவை நடத்தும் வகுப்புகளில் சட்டவாக்க நடைமுறையையும் வரவுசெலவு முறையையும் எக்கட்சிப் பணியாளரும் கற்கலாம்.

பல்கலைக்கழகத்தாரும் இதிற் பங்குகொண்டனர். அமெரிக்க அரசறிவியற் கழகம் 1953ஆம் ஆண்டில் தொடங்கிய புலமைப்பரிசில் திட்டம், இளம் அரசறிவியலாளரையும் பத்திரிகையாளரையும் காங்கிரசு அலுவலகங்களிற் பணிபுரிய அனுப்பியது. 1973ஆம் ஆண்டு முதல் விஞ்ஞானிகளுக்கும் இத்தகைய வாய்ப்புக் கிட்டிற்று. 1968ஆம் ஆண்டில் இவ்வாறு வந்த டிக் செனி பின்னர் காங்கிரசு உறுப்பினராகவும் உப ஜனாதிபதியாகவும் உயர்ந்தார்.

தொடர்பின் இருமுகம்

எனினும் தொடர்புகள் யாவும் நன்மை பயத்தன என்று கொள்வதற்கில்லை. 1943ஆம் ஆண்டில் பதினான்கு வயதுச் சிறுவனாகச் செனற் சபையின் ஏவலாளராய்ச் சேர்ந்த பொபி பேக்கர், ஒவ்வோர் உறுப்பினரின் விருப்பு வெறுப்பையும் அறிந்து, ஜோன்சனின் வலக்கரமாகி, 1955இல் பெரும்பான்மைக் கட்சியின் செயலாளரானார். முறையான கல்லூரியெதுவும் அளிக்கமுடியாத பயிற்சியை அவர் சபையின் நடைகூடத்திலேயே பெற்றார். ஆனால் அதே தொடர்புகள் அவரது சொந்த வியாபாரத்துக்கும் பயன்பட்டன. 1963இல் பதவி துறந்த அவர், 1967இல் வரி ஏய்ப்பு முதலிய குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டார். அறிமுகம் மட்டும் வளர்ந்து, அதனை நெறிப்படுத்தும் ஒழுங்கு வளராதவிடத்து ஏற்படும் கேட்டுக்கு அவர் எடுத்துக்காட்டாவார்.

எழுபதுகளில் உதவியாளர் தொகை வெகுவாகப் பெருகியது. 1947இல் இரு சபைகளிலும் ஏறத்தாழ 2,000 ஆக இருந்த உறுப்பினரின் நேரடிப் பணியாளர், எழுபதுகளின் இறுதியில் 10,000ஐத் தாண்டினர். இப்பெருக்கத்தோடு கட்சிசார் பயிற்சியும் எழுந்தது. காங்கிரசு உதவியாளராயிருந்த போல் வெயறிச், எட்வின் பியூல்னர் ஆகியோர் 1973இல் ஹெறிற்றேஜ் நிறுவனத்தின் உருவாக்கத்திற் பங்குகொண்டனர். இத்தகைய நிறுவனங்கள் ஆய்வை மட்டுமன்றி, ஒரு கொள்கைக்குப் பற்றுடைய உதவியாளரையும் காங்கிரசுக்கு வழங்கலாயின.

1995ஆம் ஆண்டில் புதிய பெரும்பான்மைக் கட்சி பிரதிநிதிகள் சபையின் குழுப் பணியாளரை மூன்றில் ஒரு பங்காற் குறைத்தது. 1972இல் நிறுவப்பட்ட தொழினுட்ப மதிப்பீட்டு அலுவலகமும் அவ்வாண்டு மூடப்பட்டது. செலவு குறைந்தது உண்மையே. ஆயின் கேள்விகள் குறையவில்லை; அவற்றுக்கு விடையளிக்கும் வேலை வெளியாரிடம் சென்றது. அனுபவம் பெற்ற உதவியாளர் அதிக ஊதியத்துக்காக ஆதரவு திரட்டும் நிறுவனங்களுக்குச் செல்லும் போக்கை, 1989ஆம் ஆண்டின் ஒழுக்கநெறிச் சட்டம் விதித்த ஓராண்டு இடைவெளி முற்றாகத் தடுக்கவில்லை. மக்கள் பணத்தில் கற்ற ஒருவரின் அறிவைத் தனியார் விலைக்கு வாங்கும் நிலை இவ்வாறு வலுப்பெற்றது. 2019 முதல் 2022 வரை இயங்கிய காங்கிரசு நவீனமயமாக்கற் குழு, பணியாளரின் பயிற்சியையும் அவர்களைத் தக்கவைத்தலையும் முக்கிய பொருள்களாகக் கொண்டமை இதன் விளைவேயாகும். சம்பளமின்றி மாதக்கணக்கில் பணிபுரியக்கூடிய வசதி படைத்தோர்க்கே பயிலுநர் இடங்கள் கிட்டின என்ற முறைப்பாட்டின் மேல், 2018ஆம் ஆண்டில் பயிலுநர் ஊதியத்துக்கென நிதி ஒதுக்கப்பட்டமையும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து மூன்று உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, உதவியாளருக்கு யாரேனும் ஒருவர் பயிற்சியளித்தே தீருவர்; அரசு அளிக்காவிடின் உறவினரோ கட்சியோ செல்வரோ அளிப்பர். பயிற்றுவித்தவரின் சாயல் சட்டத்திலும் படியும். இரண்டாவது, நூலகமும் வகுப்பும் தரும் அறிவு, எவரை அணுகுவது என்ற நடைமுறை அறிவுக்கு மாற்றீடாகாது, இரண்டும் வேண்டும். மூன்றாவது, நடைமுறை அறிவு மேசைகளிலும் நடைகூடங்களிலும் பரவுவதால், அவ்விடங்கள் யாவர்க்கும் திறந்திருக்கின்றனவா என்பது சனநாயகத்தின் தன்மையைப் பற்றிய வினாவாகும்.

அரசறிவியல் கற்கும் நாம் யாப்புகளையும் தேர்தல்களையும் ஊன்றி ஆராய்கின்றோம். பிரதிநிதியின் மேசையில் நாளைக் காலை வைக்கப்படும் குறிப்பை இன்றிரவு எழுதுபவர் யார், அவர் எங்கே கற்றவர் என்பதையும் ஆராயத் தொடங்கினாலன்றி, அதிகாரம் பற்றிய நமது விளக்கம் நிறைவுபெறாது.