வெகுளிக் கலையின் கவர்ச்சி: நவீன ஐரோப்பியக் கலை வரலாற்றில் ஒரு நோக்கு

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாரிஸ் நகரக் கலைஞர் பலர் தாம் கற்றவற்றை மறக்க விரும்பினர். ஒளிநிழல், தூரத்தோற்றம், உடலமைப்பு ஆகியன பற்றிய விதிகளைக் கலைக்கழகங்கள் நெடுங்காலமாகப் போதித்து வந்தன. உள்ளதை உள்ளவாறு காட்டும் அத்திறனின் பெருமையைப் புகைப்படக் கலையின் வருகை குன்றச் செய்தது. இந்நிலையில் விதிகளுக்குப் புறம்பான படைப்புக்கள் புதுக்கவர்ச்சி பெற்றன. இவற்றை இருவகைப்படுத்தி நோக்குதல் வேண்டும். முறையான பயிற்சியின்றி வரைந்தோரின் வெகுளிக் கலை ஒன்று. பயின்றோர் அப்பயிற்சியை உதறித் தொல்குடியினரின் ஆக்கங்களை நாடிய தொன்மை நாட்டம் மற்றொன்று.

முன்னதற்கு ஹென்றி ரூசோ (1844-1910) தக்க சான்றாவார். பாரிஸ் நகரச் சுங்க வாயிலிற் கடமையாற்றிய அவர் பிரான்சை விட்டு என்றும் வெளியேறியதில்லை. அவர் தீட்டிய அடர்வனங்கள் நகரத் தாவரவியற் பூங்காவையும் படநூல்களையும் பார்த்து உருவானவை. ஒவ்வோர் இலையும் தனித்தனியே துலங்குவதால் அவற்றிற் கனவின் தெளிவு காணப்படுகின்றது. 1908 இல் பிக்காசோ அவரது ஓவியமொன்றைப் பழம்பொருட் கடையில் ஐந்து பிராங்குக்கு வாங்கினார். மேலே வேறு படம் தீட்டுவதற்கு உதவும் துணியாகவே கடைக்காரர் அதனை மதித்தார். பிக்காசோவோ இறுதிவரை அதனைப் பேணினார். அவ்வாண்டு ரூசோவுக்கு அவர் அளித்த விருந்திற் பாராட்டும் எள்ளலும் கலந்திருந்தன. ஆனால் ரூசோ தம்மை வெகுளியாகக் கருதியவரல்லர். கலைக்கழக ஓவியரின் செம்மையே அவரது இலட்சியமாயிருந்தது.

தொன்மை நாட்டம் ஓவியத்தோடு அமையவில்லை. 1907 இல் பிக்காசோ திரொக்கதேரோ அரும்பொருளகத்தில் ஆபிரிக்க முகமூடிகளைக் கண்டார். அவ்வாண்டின் 'அவிஞ்ஞோன் பெண்கள்' ஓவியத்தில் இரு முகங்கள் முகமூடிகளை நினைவூட்டுகின்றன. 1913 இல் ஸ்ராவின்ஸ்கியின் இசையும் நிஜின்ஸ்கியின் நடன அமைப்பும் இணைந்த 'வசந்தச் சடங்கு' பாரிசில் அரங்கேறியபோது அவையிற் பெருங்கூச்சல் எழுந்தது. பண்டை உருசியச் சடங்கைச் சித்திரித்த அப்படைப்பின் மாறிமாறி வரும் தாளமும் நிலம் அதிரும் மிதிப்பும் கட்டற்றவை போலத் தோன்றின. எனினும் அவற்றை ஆக்கியது பெரும் வாத்தியக் குழுவும் நுட்பமான கணிப்புமாகும். எளிமை இங்கே உயர்பயிற்சியின் விளைவாயிற்று.

இக்கவர்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு. ஆபிரிக்கக் கலைப்பொருட்கள் பல குடியேற்ற ஆதிக்கத்தின் வழியே ஐரோப்பாவை அடைந்தன. 1897 இல் பிரித்தானியப் படையினர் பெனின் நகரிற் கொள்ளையிட்ட உலோகச் சிற்பங்கள், அரசவைக்கெனப் பணிபுரிந்த வார்ப்புக் கலைஞர் தலைமுறைகளின் தேர்ச்சியிற் பிறந்தவை. அவற்றையும் ஐரோப்பியர் 'தொல்குடிக் கலை' என்ற பெயருள் அடக்கினர். பிக்காசோவின் பெயர் உலகறிந்தது. அம்முகமூடிகளைச் செதுக்கியோரின் பெயர்களை அரும்பொருளகங்கள் பதிவுசெய்யவில்லை.

ஆகவே, 'வெகுளி', 'தொன்மை' என்பன படைப்பின் இயல்பைவிடப் பார்ப்போரின் வேட்கையையே பெரிதும் உணர்த்துகின்றன. இயந்திர நாகரிகத்திற் சலித்த நகரத்தவர் தாம் இழந்ததாக எண்ணிய ஒன்றைப் பிறரிடத்தே கண்டனர். அவ்வேட்கை நவீன கலைக்கு வளமூட்டியது உண்மை. ஆயினும், ரூசோவின் இலைகளிலும் பெனின் வார்ப்புக்களிலும் உள்ள உழைப்பையும் ஒழுங்கையும் உணரும்போதே அப்படைப்பாளர்க்குரிய மதிப்பு அவர்களைச் சென்றடையும்.