பெயரும் எண்ணும்: முதல் உலகப்போர் நினைவுக்கற்களும் நடுகல் மரபும்

வேலூர் நீண்ட கடைத்தெருவில் உள்ள மணிக்கூண்டில் ஆங்கிலக் கல்வெட்டு ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. 1914-18 பெரும்போருக்கு இவ்வூரிலிருந்து 277 பேர் சென்றனர் என்றும், அவர்களுள் 14 பேர் உயிர்நீத்தனர் என்றும் அது கூறுகின்றது. அப்பதினால்வர் யாவர் என்பதை அது கூறவில்லை. போர் முடிந்தபின் ஆங்கில அரசு இந்திய ஊர்கள் பலவற்றில் இவ்வமைப்பிலான கற்களைப் பதித்தது. அவற்றை நடுகல் மரபோடு ஒப்பிட்டு நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அதே ஆண்டுகளில் இங்கிலாந்தின் சிற்றூர்களிலும் நினைவுக்கற்கள் எழுந்தன. தேவாலய முற்றத்திலும் ஊர்ப்பொதுவிலும் நிற்கும் அக்கற்களில் மாண்டோரின் பெயர்கள் ஒவ்வொன்றாகப் பொறிக்கப்பட்டன. போருக்குச் சென்ற அனைவரும் உயிருடன் திரும்பிய ஊர்கள் ஐம்பதைச் சுற்றியே இருந்தமையால், அவற்றிற்கு 'நன்றியுடைய ஊர்கள்' என்னும் தனிப்பெயரே வழங்கலாயிற்று. ஏனைய ஊர்களில் உழவன் மகன் பெயரும் பிரபு மகன் பெயரும் ஒரே கல்லில் இடம்பெற்றன. 1917இல் நிறுவப்பெற்ற பேரரசுப் போர்க்கல்லறை ஆணையம் பதவி வேறுபாடு பாராமல் அனைவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்வதைத் தன் கொள்கையாக அறிவித்தது. ஆயினும் 1929இல் திறக்கப்பெற்ற பஸ்ரா நினைவகத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே இடம்பெற்றன. இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். வேலூர்க் கல்லும் பஸ்ரா நினைவகமும் ஒரே மனப்பாங்கின் வெளிப்பாடுகள் எனலாம். குறைந்தது 1,16,000 பேர் பெயரின்றியோ நினைவுச்சின்னமே இன்றியோ விடப்பட்டனர் என்பதை அவ்வாணையத்தின் சிறப்புக்குழு ஒப்புக்கொண்டது 2021இல்தான். அவர்களுள் இந்தியரும் ஆப்பிரிக்கரும் அடங்குவர்.

தமிழ் மரபு இதற்கு நேர்மாறானது. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் எனத் தொல்காப்பியப் புறத்திணையியல் கல்நாட்டும் முறையை நிரல்படக் கூறும். வீரனின் பெயரையும் பெருமையையும் பொறித்துப் பீலி சூட்டும் வழக்கத்தை அகநானூறு (67, 131) காட்டுகின்றது. 2006இல் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கண்டறிந்த தமிழ்ப் பிராமிக் கல், கூடலூர் ஆகோளில் இறந்த தீயன் அந்தவனைப் பெயர் சொல்லியே அழைக்கின்றது. ஒரு சிறு ஆநிரைப் பூசல். இறந்தவன் மன்னனும் அல்லன். எனினும் அவன் பெயர் ஈராயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றது.

இவ்வழக்கம் தமிழகத்தோடு நின்றதன்று. பெங்களூரின் தெற்கே பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள, ஏறத்தாழ கி.பி. 890ஆம் ஆண்டைச் சார்ந்த கன்னடக் கல்வெட்டு, 'பெங்களூர்க் களக'த்தில் வீழ்ந்த புட்டண செட்டியைக் குறிப்பிடுகின்றது. பெங்களூர் என்னும் ஊர்ப்பெயரின் மிகப் பழைய சான்றாகக் கொள்ளப்படுவதும் இதுவே. ஆகவே இந்நகரின் பெயர் நமக்குக் கிடைத்ததே போரில் மாண்ட ஒருவனின் நினைவால்தான்.

இதே நகரின் பிரிகேடு சாலையும் ரெசிடென்சி சாலையும் சந்திக்கும் இடத்தில், 61ஆம் பயனீர் படைப்பிரிவிற்கான நினைவுத்தூண் நிற்கின்றது. தமிழரும் தெலுங்கரும் பெருமளவில் பணியாற்றிய சென்னைப் பயனீர் படையைச் சார்ந்தது அப்பிரிவு. கடைவீதிக்கு வருவோருள் நின்று படிப்போர் அரியர். 1914 நவம்பர் தொடக்கத்தில் கிழக்காப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறங்கிய ஏறத்தாழ 8,000 பேர் கொண்ட படையில் இப்பிரிவும் இருந்தது; பெங்களூர்ப் பிரிகேடின் ஓர் அங்கமாகப் பாளையங்கோட்டைப் பெயர்தாங்கிய 63ஆம் காலாட்படையும் இருந்தது. எதிர்நின்ற செருமானியப் படை ஆயிரம் பேரளவினது. ஆயினும் ஆங்கிலப்படை தோற்றுக் கப்பலேறியது. பல வாரக் கடற்பயணத்தால் தளர்ந்த, ஒன்றாகப் பயிற்சி பெறாத பிரிவுகளை, தரைநிலையை முறையாக ஆராயாமலே தளபதிகள் களத்தில் இறக்கினர். பழியோ பெரும்பாலும் சிப்பாய்கள் மீது விழுந்தது. இப்போரைப் பற்றிப் பலரும் மேற்கோள் காட்டிய மைனர்ட்ஸ்ஹாகன் நாட்குறிப்பின் நம்பகத்தன்மை இன்று ஐயத்திற்குரியதாகியுள்ளது என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது. அதிகாரி எழுதினார், சிப்பாய் எழுதவில்லை. எழுதியவர் கூற்றே வரலாறாயிற்று.

1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தின்மேல் குண்டு வீசிய எம்டன் கப்பல், சில நிமிடத் தாக்குதலிலேயே தமிழில் ஒரு சொல்லாகிவிட்டது. 'அவன் பெரிய எம்டன்' என்று இன்றும் கூறுகின்றோம். டாங்கா அவ்வாறு பொதுவழக்காகவில்லை. நகரத்தார் கண்ட அச்சம் மொழியில் தங்கியது. கடல்கடந்து மாண்டோரின் துயரம் அவரவர் வீட்டளவில் அடங்கியது.

அவ்வீடுகளையே இனி ஆய்வாளர் நாடவேண்டும். வட தமிழகச் சிற்றூர்களில் 'பட்டாளத்தார் வீடு' என்னும் வழக்கு இன்றும் உண்டு. வேலூர்க் கல்லின் 277 என்னும் எண்ணை எடுத்துக்கொண்டு, வீட்டுப் பெயர்கள், பதக்கங்கள், ஓய்வூதியத் தாள்கள், ஒப்பாரிப் பாடல்கள் ஆகியவற்றைத் தொகுக்கும் களப்பணியைத் தமிழ்த்துறைகள் மேற்கொள்ளலாம். பஞ்சாபில் ஏறத்தாழ 3,20,000 வீரர்களின் ஏடுகள் லாகூர் அருங்காட்சியகத்திலிருந்து எடுக்கப்பெற்று, 2021 முதல் ஊர்வாரியாகத் தேடத்தக்க வகையில் கணினியேற்றம் செய்யப்பட்டு வந்துள்ளன. தொண்ணூறு அகவை கடந்த பேரன்மாரும் பேத்தியரும் நம்மிடையே இருக்கும்போதே பதினான்கு பெயர்களைத் தேடத் தொடங்கலாம்.