50 டிகிரி பாலைவனமா, 36 டிகிரி புழுக்கமா, மைனஸ் 40-ஆ... உடம்புக்கு எது ஆபத்து?

அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் ஒரு டயலாக் ரொம்ப ஃபேமஸ். வெயில் 45 டிகிரியைத் தொட்டாலும், ‘ஆனா, இது ட்ரை ஹீட்தானே!’ என்பார்கள். இந்த வரியோடு எலும்புக்கூடு படம் போட்ட டி-ஷர்ட்டே அங்கே விற்கிறது. அதே மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில், 2023 ஜூன் கடைசியில் தொடங்கி 31 நாள்கள் தொடர்ந்து வெப்பநிலை 43 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதிகபட்சம் இறங்கவே இல்லை. ஃபீனிக்ஸ் இருக்கும் மாரிக்கோபா கவுன்ட்டியில் அந்த ஓர் ஆண்டில் வெயில் தொடர்பான மரணங்கள் மட்டும் 645.

அப்போ ‘ட்ரை ஹீட் தாங்கிடலாம்’ என்பது பொய்யா? முழுப் பொய் இல்லை, பாதி உண்மை. அந்த மீதிப் பாதிதான் ஆளைக் கொல்கிறது. இதைப் புரிந்துகொள்ள தெர்மாமீட்டரை விட்டுவிட்டு, நம்ம வியர்வையைப் பின்தொடர்ந்து போகணும்.

வியர்ப்பது குளிர்ச்சி இல்லை, காய்வதுதான் குளிர்ச்சி!

நம் தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. வெளிக்காற்று அதைவிடக் குறைவாக இருக்கும்வரை, உடம்பின் சூடு தானாகக் காற்றுக்குப் போய்விடும். காற்று அதைவிடச் சூடானால் கதை தலைகீழ். காற்றுதான் நமக்குச் சூட்டைத் தரும். அப்போது உடம்பிடம் இருக்கும் ஒரே ஆயுதம் வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை தோலிலேயே முழுசாக ஆவியானால், சுமார் 580 கிலோ கலோரி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். கிட்டத்தட்ட ஆறு லிட்டர் ஐஸ் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற அளவு வெப்பம் இது. ஆனால், சொட்டிக் கீழே விழுந்த வியர்வைக்கு இந்தக் கணக்கில் இடமில்லை. அது வெறும் தண்ணீர் நஷ்டம்.

இதை அளக்க விஞ்ஞானிகள் ஓர் எளிய வழி வைத்திருக்கிறார்கள். தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் காட்டுவார்கள். அதில் வரும் எண்தான் ‘ஈரக்குமிழ் வெப்பநிலை’. தண்ணீர் ஆவியாவதால் கிடைக்கிற குளிர்ச்சியையும் சேர்த்துச் சொல்லும் எண் அது. 48 டிகிரி வெயில், 10 சதவிகித ஈரப்பதம் உள்ள பாலைவனத்தில் அது சுமார் 23. வெறும் 36 டிகிரி, ஆனால் 75 சதவிகித ஈரப்பதம் உள்ள கடற்கரை ஊரில் சுமார் 32. எண்ணில் 12 டிகிரி குறைவான ஊர், உடம்புக்கு அதிக ஆபத்தான ஊர்!

பாலைவனம்: திருடன் வந்ததே தெரியாது

குவைத்தின் மித்ரிபா என்ற இடத்தில் 2016 ஜூலை 21-ம் தேதி 53.9 டிகிரி பதிவானது. ஆசியாவிலேயே அதிகம் என்று உலக வானிலை அமைப்பு அங்கீகரித்த அளவுகளில் ஒன்று அது. இப்படிப்பட்ட இடத்துக்கு நம்ம ஊர்க் கடலோரத்திலிருந்து புதிதாகப் போகிறவர்களுக்கு முதலில் தோன்றுவது, ‘என்னடா, வியர்க்கவே இல்லையே!’ என்பதுதான். வியர்க்காமல் இல்லை. வெளியே வந்த விநாடியே காய்ந்துவிடுகிறது, அவ்வளவுதான். சட்டையைக் கழற்றிப் பார்த்தால் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். வெயிலில் வேலை செய்பவருக்கு மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல்கூட இப்படிப் போகலாம். சட்டை நனையாததால் ‘இன்னும் தாகம் எடுக்கலையே’ என்று தண்ணீரைத் தள்ளிப்போடுகிறோம். ட்ரை ஹீட்டின் பொய் இங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று, காற்று. 50 டிகிரி காற்று முகத்தில் அடிப்பது ஹேர் டிரையரை முகத்துக்கு நேராகப் பிடிப்பது மாதிரி. அதனால்தான் 40 டிகிரிக்கு மேல் ஃபேனை மட்டும் நம்ப வேண்டாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஃபேன் அப்போது சூட்டை நம்மீது தள்ளும் மெஷின். அதே வறண்ட ஊரில், தண்ணீர் நனைத்த தட்டி வழியாகக் காற்றை இழுக்கும் ஏர் கூலர் சூப்பராக வேலை செய்யும். ராஜஸ்தானில் வீட்டுக்கு வீடு கூலர் இருப்பது இதனால்தான். அதே கூலரைக் கடலோர ஊரில் வாங்கி வைத்தால், காசு கொடுத்துப் புழுக்கத்தை வாங்கிய கதைதான்.

உடை விஷயத்தில் பாலைவன மக்கள் நம்மைவிட புத்திசாலிகள். நாம் வெயில் என்றால் ஷார்ட்ஸ், ஸ்லீவ்லெஸ் தேடுவோம். அவர்களோ தலைமுதல் கால்வரை தொளதொளவென மூடிக்கொள்கிறார்கள். அதிலும் சினாய், நெகேவ் பக்கத்து பெதூயின்கள் கறுப்பு அங்கி போடுவது ஏன் என்று 1980-ல் ஓர் ஆய்வே நடந்து, ‘நேச்சர்’ இதழில் வெளியானது. கறுப்புத் துணி அதிக வெப்பத்தை உறிஞ்சுகிறது, உண்மைதான். ஆனால், துணிக்கும் தோலுக்கும் நடுவே காற்று ஓடுவதால் அந்தக் கூடுதல் வெப்பம் தோலைத் தொடுவதற்கு முன்பே வெளியேறிவிடுகிறது. வெள்ளை அங்கி போட்டவருக்கும் கறுப்பு அங்கி போட்டவருக்கும் உடம்பில் சேர்ந்த வெப்பம் ஒன்றேதான். கலரைவிடத் தொளதொளப்புதான் முக்கியம். டைட் ஜீன்ஸ் ரசிகர்கள் மன்னிக்க!

அந்த ஊர் வீடுகளும் அப்படியே. ஈரானின் யஸ்த் நகரில் கூரைமேல் நிற்கும் காற்றுக் கோபுரங்கள், மேலே போகும் காற்றைப் பிடித்து வீட்டுக்குள் இறக்குகின்றன. துபாயின் பழைய வீடுகளில் இதற்கு ‘பர்ஜீல்’ என்று பெயர். இன்றைய கல்ஃப் ஃபிளாட்டில் கோபுரம் இல்லை. ஆனால், ஒரு ட்ரிக் உண்டு. மொட்டைமாடி டேங்க் சுட்டுவிடுவதால் கோடையில் பச்சைத் தண்ணீர்க் குழாயில் வெந்நீர் வரும். அதனால் பாத்ரூம் ஹீட்டரை ஆஃப் செய்துவிடுவார்கள். ஏ.சி வீட்டுக்குள் இருக்கும் ஹீட்டர் டேங்கில் தண்ணீர் ஆறிக் கிடக்கும். குளிக்க ‘ஹாட்’ குழாயைத் திறக்கணும்!

நிழலும் ஏ.சி-யும் கிடைக்காதவர்களுக்கு என்ன ஆகும் என்பதற்கு 2024 ஹஜ் ஒரு துயரமான சாட்சி. மெக்காவில் வெயில் 51.8 டிகிரி. 1,301 பேர் இறந்ததாக சவுதி அரசு அறிவித்தது. அதில் 83 சதவிகிதம் பேர் முறையான அனுமதி இல்லாமல் வந்தவர்கள். குளிரூட்டிய கூடாரமோ பேருந்தோ இல்லாமல், நேரடி வெயிலில் நெடுந்தூரம் நடந்தவர்கள். ஒரே ஊர், ஒரே வெயில். நிழல் யாருக்குக் கிடைத்தது என்பதில்தான் வித்தியாசம்.

புழுக்கம்: மாட்டிக்கொண்ட வியர்வை

அதே கல்ஃபில் ஆகஸ்ட் மாதம் கடற்காற்று திரும்பினால் சீனே மாறிவிடும். ஏ.சி காரிலிருந்து இறங்கிய நொடியில் மூக்குக்கண்ணாடி பனி மூடும். மொபைல் கேமராவில் போட்டோ எடுத்தால் புகைமூட்டமாக வரும். பாரசீக வளைகுடா ஆழம் குறைந்த கடல். கோடையில் அதன் தண்ணீரே 33, 34 டிகிரிக்குப் போய்விடும். கரையோரக் காற்று அந்த ஈரத்தை எல்லாம் உறிஞ்சி வைத்திருக்கும். சவுதியின் தஹ்ரானில் 2003 ஜூலை 8-ம் தேதி வெப்பநிலை 42 டிகிரிதான். ஆனால், ஈரப்பதத்தால் உடம்பு உணர்ந்தது சுமார் 81 டிகிரி எனக் கணக்கிடப்பட்டது.

ஈரக்குமிழ் வெப்பநிலை 35-ஐத் தொட்டால், நிழலில் ஃபேன் போட்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும் மனித உடம்பு சில மணி நேரத்துக்கு மேல் தாங்காது என்று 2010-ல் விஞ்ஞானிகள் கணக்குப் போட்டார்கள். 2022-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்தே சோதித்தபோது, அவர்களின் உடம்பு சுமார் 31-லேயே சமாளிக்க முடியாமல் சூடேற ஆரம்பித்தது. இளம் வயது, ஜிம் பாடி எல்லாம் இருந்தும்! ரொம்ப வறண்ட சூட்டில் இந்த வரம்பு இன்னும் கீழே. காரணம், உடம்பால் அதற்கு மேல் வேகமாக வியர்வை சுரக்க முடிவதில்லை.

புழுக்கத்தின் இன்னொரு கொடுமை ராத்திரி. வறண்ட பாலைவனத்தில் சூரியன் இறங்கியதும் தரை வேகமாக ஆறும், உடம்பும் மூச்சு விடும். ஈரக்காற்று போர்வை மாதிரி சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓமனின் குரியாத் என்ற கடலோர ஊரில் 2018 ஜூன் கடைசியில் ஒரு நாள் முழுக்க, விடியற்காலையில்கூட, 42.6 டிகிரிக்குக் கீழே இறங்கவில்லை. எது ரொம்ப மோசம் என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் இதற்குத்தான் ஓட்டு போடுவேன். இங்கே தண்ணீர் குடிப்பது மட்டும் போதாது. ஏ.சி, குளிர்ந்த நீர்க் குளியல், வேலையைக் குறைப்பது... இந்த மூன்றைத் தவிர வேறு ஷார்ட்கட் இல்லை.

மைனஸ் 40: வியர்த்தால்தான் பிரச்னை

இப்போது நேரெதிர்த் துருவம். சைபீரியாவின் யாகுட்ஸ்க் நகரில் மூன்று லட்சம் பேருக்கு மேல் வாழ்கிறார்கள். ஜனவரியின் சராசரியே மைனஸ் 38 பக்கம். தரைக்கு அடியில் எப்போதும் உறைந்திருக்கும் மண் இளகிவிடக் கூடாது என்று, கட்டடங்களைத் தூண்கள்மேல் தூக்கிக் கட்டியிருக்கிறார்கள். உலோக ஃப்ரேம் கண்ணாடி போட்டால் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வேடிக்கை என்னவென்றால், இதே ஊரில் ஜூலையில் 30 டிகிரியைத் தாண்டி வெயிலும் அடிக்கும்.

குளிரில் ஒரு வசதி உண்டு. ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டே போகலாம். வெயிலில் தோலுக்கு மேல் கழற்ற எதுவும் இல்லை. ஆனால், இங்கே வியர்வை எதிரி. வேகமாக நடந்து உள்ளாடை நனைந்துவிட்டால், நின்றதும் அந்த ஈரம் உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். அதனால் உள்ளே காட்டன் கூடாது, கம்பளி போன்ற துணி வேணும். வியர்க்கப் போகிறது என்று தெரிந்தால் ஜிப்பை இறக்கிவிடணும். காற்றோடு சேர்ந்து மைனஸ் 40 மாதிரி உணரும் குளிரில், மூடாத தோல் 5 முதல் 10 நிமிடங்களில் உறைய ஆரம்பிக்கலாம். உறைந்த விரலைத் தேய்க்கவே கூடாது. 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் வைக்கணும். ‘ஒரு பெக் போட்டா சூடாகிடும்’ என்பதும் ஏமாற்று வேலை. மது தோலின் ரத்தக்குழாய்களை விரிப்பதால், சூடு இன்னும் வேகமாக வெளியே போகும்.

மொபைலும் நம்மைப் போலத்தான். 0 முதல் 35 டிகிரிவரை உள்ள இடங்களில் பயன்படுத்தச் சொல்கிறது ஐபோன் நிறுவனம். பாலைவனத்தில் சூடு தாங்காமல் ஸ்கிரீன் மங்கும்; குளிரில் 40 சதவிகித சார்ஜ் காட்டிக்கொண்டே திடீரென ஆஃப் ஆகும். யாகுட்ஸ்க் பக்கம் போனால் போனைச் சட்டையின் உள் பாக்கெட்டில் வையுங்கள்.

கல்ஃப் வேலைக்குக் கிளம்புகிறீர்களா?

சுற்றுலாப் பயணிக்கு ஹோட்டல் இருக்கிறது. கட்டட வேலைக்கும் டெலிவரி வேலைக்கும் போகிற நம் பையன்களுக்குத்தான் இந்த விஷயம் உயிர்ப் பிரச்னை. வெயிலுக்குப் பழக உடம்புக்கு 7 முதல் 14 நாள்கள் தேவை. அதன் பிறகு வியர்வை சீக்கிரம் வரும், அதிகம் வரும், அதில் உப்பும் குறையும். அதனால்தான் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாள் 20 சதவிகித வேலை, அப்புறம் தினமும் 20 சதவிகிதம் கூட்டு என்பது தொழில் பாதுகாப்பு நிபுணர்களின் கணக்கு. ஜூன் மாதம் இறங்கிய மறுநாளே, ‘நான் ஊர்லயே வெயில்ல நின்னவன்’ என்று கெத்து காட்ட வேண்டாம். ஊருக்கு வந்து இரண்டு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினாலும் பழக்கம் விட்டுப்போகும், மறுபடி முதலிலிருந்து.

நண்பகல் நேரத்தில் வெட்டவெளி வேலைக்குச் சட்டப்படியே தடை இருக்கிறது. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 - 3 மணி. சவுதியில் அதே நாள்களில் 12 - 3 மணி. குவைத்தில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காலை 11 - மாலை 4 மணி. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 - மதியம் 3.30 மணி. போகும் நாட்டின் நேரத்தை மொபைலில் குறித்து வையுங்கள்.

தண்ணீரை மொத்தமாகக் குடிக்காமல், 15-20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். அளவுக்கு மீறினால் ரத்தத்தில் சோடியம் குறைந்து அதுவே ஆபத்தாகும். வேளைக்குச் சாப்பிட்டாலே உப்பு ஓரளவு கிடைத்துவிடும். நாள் முழுக்க வியர்த்தால் ஓ.ஆர்.எஸ் நல்லது. அங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும் ‘லபன்’ நம்ம மோருக்கு அண்ணன்தான், தாராளமாகக் குடிக்கலாம். எனர்ஜி டிரிங்க்கைத் தொடாதீர்கள். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால், ஏற்கெனவே லேட். எல் சால்வடார், நிகரகுவா நாடுகளின் கரும்புத் தோட்டங்களில், சுகர், பி.பி எதுவும் இல்லாத இளைஞர்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்த கொடுமை பல ஆண்டுகளாக நடக்கிறது. தினமும் வெயிலில் உடம்பு வறள்வதும் கடும் உழைப்பும் அதற்கு முக்கியக் காரணங்கள் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

கூட வேலை செய்பவர் திடீரென உளறுகிறாரா, தள்ளாடுகிறாரா, காரணமில்லாமல் கோபப்படுகிறாரா? ஹீட் ஸ்ட்ரோக் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். ‘அவனுக்குத்தான் வியர்க்குதே, ஒண்ணும் ஆகாது’ என்று விடாதீர்கள். உழைக்கும்போது வரும் ஹீட் ஸ்ட்ரோக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கலாம். ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு, அது வரும்வரை காத்திருக்காமல் அங்கேயே குளிர வைக்கணும். நிழலுக்குத் தூக்குங்கள், தடித்த உடையைக் கழற்றுங்கள். வறண்ட ஊர் என்றால் உடம்பு முழுக்கத் தண்ணீரைத் தெளித்து விசிறினாலே நன்றாகக் குளிரும். புழுக்கமான ஊரில் விசிறுவது பெரிதாக உதவாது. கழுத்துக்குக் கீழே குளிர்ந்த நீர்த்தொட்டியில் அமர்த்தி, தலையை ஒருவர் பிடித்துக்கொள்ளணும். தொட்டி இல்லையா, பக்கெட் பக்கெட்டாக ஊற்றுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் வையுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது.

ஆம்புலன்ஸ் எண்கள்: அமீரகம் 998, சவுதி 997, குவைத் 112, கத்தார் 999.