சித்ரா பௌர்ணமி முதல் பங்குனி உத்திரம் வரை... 12 முழுநிலவுகளும் அவற்றின் கதைகளும்!

மாசம் ஒரு தடவை வாட்ஸ்அப்பில் வந்துவிடும், ‘இன்னிக்கு பிங்க் மூன், மறக்காம பாருங்க’ என்று. மாடிக்குப் போய்ப் பார்த்தால் நிலா வழக்கமான நிறத்தில்தான் இருக்கும். அமெரிக்காவில் ஏப்ரல் மாதம் பூக்கும் ஒரு இளஞ்சிவப்புப் பூவை வைத்து வந்த பெயர் அது. ‘ஸ்ட்ராபெரி மூன்’, ‘வூல்ஃப் மூன்’ எல்லாமே அந்த ஊர்ப் பருவத்துக்கானவை. நமக்கும் 12 முழுநிலவுகளுக்குத் தனித்தனிப் பெயர் உண்டு. அதில் முதல் நிலவுக்குப் பெரிய விழா எடுப்பது, உளுந்தூர்பேட்டை வட்டத்தில் இருக்கும் கூவாகம் என்ற சின்ன கிராமம்.

பெயர் எப்படி வந்தது?

தமிழில் ‘திங்கள்’ என்றால் நிலவு, மாதம் இரண்டையும் குறிக்கும். முழுநிலவுக்கு ‘வெள்ளுவா’ என்றொரு பழைய பெயர் உண்டு. இலங்கைத் தமிழர்கள் இன்றும் ‘பூரணை’ என்பார்கள்.

முழுநிலவு அன்று சூரியனுக்கு நேர் எதிர்ப்பக்கம் நிலா நிற்கும். அப்போது எந்த நட்சத்திரத்தின் அருகில் நிற்கிறதோ, அந்த நட்சத்திரத்தின் பெயரே மாதத்துக்கும் அமைந்தது. சித்திரை நட்சத்திரத்தின் அருகில் நின்றால் சித்திரை, விசாகத்தின் அருகில் நின்றால் வைகாசி. ஓரிரு நாள் முன்பின் ஆவதும் உண்டு.

பௌர்ணமி ஏன் வருஷா வருஷம் தேதி மாறுகிறது? ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததற்கும் சுமார் 29½ நாள். 12 பௌர்ணமிக்கு 354 நாள்தான் ஆகும். வருடத்துக்கு 11 நாள் குறைகிறது. 2024-ல் சித்ரா பௌர்ணமி ஏப்ரல் 23. அடுத்த ஆண்டு 11 நாள் முன்னால் போனால் பங்குனிக்குள் விழுந்துவிடும். அதனால்தான் 2025-ல் மே 12-க்குத் தாவியது.

12 நிலவுகள்

சித்திரை: சித்ரகுப்தனுக்கு உரிய நாள். காஞ்சிபுரத்தில் அவருக்குத் தனிக்கோயிலே இருக்கிறது. மதுரையில் அழகர் ஆற்றில் இறங்குவார். ஆற்று மணலிலும் மொட்டைமாடியிலும் நிலாச்சோறு சாப்பிடுவதும் இந்த நிலவில்தான்.

வைகாசி: விசாகம், முருகன் அவதரித்த நாள். புத்தர் பிறந்த நாளும் இதுவே. இலங்கையில் வெசாக் கூடுகள் ஒளிரும்.

ஆனி: காரைக்காலில் மாங்கனித் திருவிழா. காரைக்கால் அம்மையாரின் கதையை நினைத்து, வீட்டு மாடிகளில் இருந்து மாம்பழங்களை வாரி இறைப்பார்கள்.

ஆடி: சங்கரன்கோவிலில் ஆடித்தபசு. சிவனும் திருமாலும் ஒன்றே என்று காண கோமதி அம்மன் தவம் இருந்ததாக ஐதிகம்.

ஆவணி: அவிட்டம், பூணூல் மாற்றும் நாள். வடநாட்டில் ராக்கி. 2025-ல் இது ஆடி 24-ம் தேதியே வந்துவிட்டது. ஆனாலும் பெயர் ஆவணி அவிட்டம்தான்!

புரட்டாசி: இந்தப் பௌர்ணமிக்கு மறுநாள் மகாளய பட்சம் தொடங்கும். அதன் பிறகு அமாவாசை வரை முன்னோர்களுக்கான நாள்கள்.

ஐப்பசி: சிவன் கோயில்களில் அன்னாபிஷேகம். கங்கைகொண்ட சோழபுரத்தின் பிரமாண்ட லிங்கத்துக்கு மூட்டை மூட்டையாக அரிசி வடித்துச் சாத்துவார்கள்.

கார்த்திகை: 2,668 அடி உயர அண்ணாமலை உச்சியில் தீபம். மாதா மாதம் பௌர்ணமிக்கு 14 கி.மீ. கிரிவலம் நடப்பவர்களுக்கும் இது உச்சநாள்.

மார்கழி: திருவாதிரை. சிதம்பரத்தில் ஆருத்ரா தரிசனம், வீட்டில் களியும் கூட்டும்.

தை: பூசம். பழநிக்குப் பாதயாத்திரை, மலேசியா பத்துமலையில் காவடி. உளுந்தூர்பேட்டைக்காரர்களுக்கு பக்கத்திலேயே வடலூர். வள்ளலார் 1872-ல் தொடங்கிய ஞானசபையில் 7 திரை விலக்கி ஜோதி தரிசனம்.

மாசி: மகம். விருத்தாசலத்தில் பெருவிழா, கடலூர் தேவனாம்பட்டினத்தில் சாமிகள் கடலுக்கு வரும் தீர்த்தவாரி. 12 வருடத்துக்கு ஒருமுறை கும்பகோணத்தில் மகாமகம். கடைசியாக 2016-ல், அடுத்து 2028-ல்.

பங்குனி: உத்திரம், தெய்வத் திருமணங்களின் நாள். வடக்கே இது ஹோலி.

ஒரு ராத்திரிக் கல்யாணம்

இனி கூவாகத்துக்கு வருவோம். பாரதப் போரில் பாண்டவர் ஜெயிக்க, 32 லட்சணமும் பொருந்திய ஒருவனைக் காளிக்குக் களப்பலி கொடுக்க வேண்டும். கண்ணன், அர்ஜுனன், அரவான் மூவருக்குத்தான் அந்தப் பொருத்தம். அர்ஜுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த அரவான் சம்மதிக்கிறான். சாகும் முன் ஒருநாளாவது கல்யாணம் செய்து வாழ வேண்டும் என்பது அவன் ஆசை. விடிந்தால் சாகப்போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? கண்ணனே மோகினியாக வந்து மணக்கிறான்.

மோகினியின் இடத்தில் தங்களை வைத்துத்தான் திருநங்கைகள் கூத்தாண்டவர் கோயிலில் தாலி கட்டிக்கொள்கிறார்கள். வேண்டுதலுக்காக ஊர்க்காரர்கள் சிலரும் கட்டிக்கொள்வார்கள். சாகை வார்த்தலுடன் தொடங்கும் 18 நாள் விழா இது. ராத்திரி முழுக்க ஆட்டமும் கும்மியும். மறுநாள் காலையில் தேர். தேர் அழுகளம் போனதும் எல்லாம் மாறிவிடும். தாலியை அறுத்து, வளையலை உடைத்து, ஒப்பாரி வைத்து, வெள்ளைப்புடவை கட்டிக்கொண்டு ஊர் திரும்புவார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. கதைப்படி களப்பலி நடந்தது அமாவாசையில். துரியோதனனை முந்திக்கொள்ள, கண்ணன் அமாவாசையையே ஒருநாள் முன்னால் கொண்டுவந்தான் என்பார்கள். ஆனால், விழாவோ முழுநிலவை ஒட்டி நடக்கிறது. துக்கக் கதை அமாவாசைக்கு, அதை நினைக்கிற நாள் பௌர்ணமிக்கு!

வீட்டில் இருந்து விரட்டப்பட்ட பலருக்கு, வருஷத்தில் ஒருநாள் யாரும் ‘நீ யாரு?’ என்று கேட்காத ஊர் இது. தமிழ்நாட்டில் 2008-ல் திருநங்கைகளுக்கு நலவாரியம் வந்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. இந்த இரண்டுக்கும் வெகுகாலம் முன்பிருந்தே கூவாகத்தில் அவர்களுக்கு ஓர் இடம் இருக்கிறது. அதனால் வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள், அழுகளத்தில் செல்போனைக் கொஞ்சம் உள்ளே வைத்துவிடலாம். அது சாவு வீடு.

போக நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். காலண்டரில் சித்ரா பௌர்ணமி தேதியை மட்டும் பார்த்துக் கிளம்பாதீர்கள். அண்மை ஆண்டுகளில் செவ்வாய் இரவு தாலி, புதன் காலை தேர் என்றே நடக்கிறது. 2023-ல் பௌர்ணமி மே 5, வெள்ளிக்கிழமை. தாலி கட்டியதோ மே 2-லேயே முடிந்துவிட்டது. தேதியை உளுந்தூர்பேட்டை, விழுப்புரம் பக்கம் யாரிடமாவது விசாரித்துவிட்டுப் போவது நல்லது.